நீலவெளிச்சம்: பேயோடு குடித்தனம் பண்ணிய எழுத்தாளர்

2023 ஏப்ரல் 20ஆம் தேதி, ரம்ஜானுக்கு இரண்டு நாள் முன்னால், ஆஷிக் அபு இயக்கிய 'நீலவெளிச்சம்' என்ற மலையாளப் படம் வெளிவந்தது. டொவினோ தாமஸ், ரிமா கல்லிங்கல், ரோஷன் மேத்யூ, ஷைன் டாம் சாக்கோ என்று எல்லாம் தெரிந்த முகங்கள். கதை மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீருடையது. பாட்டுகளோ மலையாளிகள் அறுபது வருஷமாக முணுமுணுத்துக்கொண்டிருப்பவை. இவ்வளவு இருந்தும் படம் ஓடவில்லை. எட்டே நாளில் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் சென்னையில் வேறு படத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? கேரளத்திலாவது தாக்குப்பிடித்ததா என்றால், மே 5ஆம் தேதி வெள்ளத்தைப் பற்றிய '2018' வந்து தியேட்டர்களையெல்லாம் வாரிக்கொண்டு போனது. அதிலும் டொவினோதான்.

பிறகு படம் ஓடிடிக்கு வந்தது. எனக்குத் தெரிந்து பார்த்தவர்கள் பாதிப் பேர் பாதியில் நிறுத்தினார்கள். "பயமே வரல" என்பதுதான் புகார். சென்னையில் பேய்ப்பட ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. 'காஞ்சனா', 'அரண்மனை' வரிசைகளை வாழவைத்த ஊர் இது. அவர்களுக்கு இந்தப் படம் ரொம்ப மெதுவாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் இந்தப் படம் சறுக்கிய இடம் அதன் வேகமல்ல என்று நினைக்கிறேன். சறுக்கல், இந்தக் கதை முதல்முறை படமான 1964லேயே தொடங்கிவிட்டது. அதைப் புரிந்துகொள்ள முதலில் சிறுகதைக்குப் போக வேண்டும்.

பஷீரின் 'நீலவெளிச்சம்' 1950களின் தொடக்கத்தில் வெளிவந்த சின்னக் கதை. கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர், தனிக்கட்டை. நிம்மதியாக உட்கார்ந்து எழுத ஓர் இடம் தேடுகிறார். ஒரு மாடிவீடு கிடைக்கிறது. இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்கிறார். அப்புறம்தான் ஊர்க்காரர்கள் விஷயத்தைச் சொல்கிறார்கள். அந்த வீட்டில் பார்கவி என்றொரு பெண் இருந்தாள், காதலித்தவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான், இவள் கிணற்றில் விழுந்து செத்தாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தத் தொடக்கம் நன்றாகவே புரியும். 'பேச்சிலருக்கு இல்லை' என்ற பதிலை வாரக்கணக்கில் கேட்டபின், வெளிச்சமும் காற்றும் உள்ள ஒரு வீடு சல்லிசாகக் கிடைத்தால் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வரும். அதற்கு விசாரிக்கும் முறையும் இருக்கிறது. எதிர் டீக்கடை, அயர்ன்காரர், பக்கத்து அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன், கடைசியாகத்தான் புரோக்கர். "ஒண்ணுமில்ல சார், முன்னாடி இருந்தவங்க வீட்ல ஒரு சாவு" என்று இழுத்துச் சொல்வார்கள். பஷீரின் ஆள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டார். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பெட்டி படுக்கை வந்தாயிற்று, வேறு இடம் பார்க்கக் கையில் காசில்லை.

நம் படங்களில் பேய்வீட்டுக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஜமீன் சொத்து பாகப்பிரிவினைக்கு வருகிறவர்கள் ஒரு வகை. திரில்லுக்காகப் போகிறவர்கள் இன்னொரு வகை. ஆழ்வார்பேட்டையில் இருக்கும் டிமான்டி காலனியின் பெயரை வைத்து 2015இல் வந்த படத்தில் நான்கு நண்பர்கள் அப்படித்தான் ராத்திரியில் உள்ளே போவார்கள். பஷீரின் எழுத்தாளர் தங்குவதற்கு வீரமோ சொத்தோ காரணமல்ல. கொடுத்த முன்பணம் வீணாகக் கூடாது. உலகத்துப் பேய்க்கதைகளிலேயே இவ்வளவு நியாயமான காரணத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால் அவர் என்ன செய்கிறார்? பேசுகிறார். வெற்று வீட்டைப் பார்த்து 'பார்கவிக்குட்டி' என்று கூப்பிட்டுத் தன் நிலைமையை எடுத்துச் சொல்கிறார். தான் எழுதிப் பிழைக்கிறவன், போக்கிடமில்லாதவன், அவளுக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்க வந்தவனில்லை. கிராமபோனில் பாட்டுப் போடுகிறார். சைகல், பங்கஜ் மல்லிக், பால் ராப்சன் என்று அவரிடம் இசைத்தட்டுகள் இருக்கின்றன. உனக்கும்தான் போடுகிறேன், கேள் என்கிற தோரணை. காதலில் ஏமாந்து செத்தவளிடம் கொஞ்சம் புத்திமதியும் சொல்கிறார், கொஞ்சம் ஆறுதலும் சொல்கிறார். ஒரே வீட்டில் கீழும் மேலும் குடியிருக்கிறவர்களின் பேச்சு இது. பதிலுக்கு ஒன்றும் வருவதில்லை. நாள் போகப்போக எழுத்து வேலையில் அவளைப் பற்றிய நினைப்பும் குறைகிறது.

அப்புறம் அந்த இரவு. அவர் ஒரு கதையை மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கிறார். அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் மங்குகிறது. எடுத்து ஆட்டிப் பார்க்கிறார், எண்ணெய் இல்லை. திரியைத் தூண்டுகிறார், கொஞ்சம் எரிகிறது. மறுபடி தூண்டுகிறார். கடைசியில் திரி கனலாகச் சிவந்து, சுடர் இல்லாமல் போய், விளக்கு அணைகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டு, கொஞ்ச தூரத்தில் தங்கியிருக்கும் நண்பர்களிடம் மண்ணெண்ணெய் வாங்கப் போகிறார். அரட்டையில் நேரம் போகிறது. பாட்டிலோடு திரும்பி வந்து கதவைத் திறந்தால் அறை முழுக்க நீல வெளிச்சம். அணைந்துபோன அதே விளக்கில், இரண்டு அங்குலத்துக்கு ஒரு நீலச் சுடர். ஏற்றியது யார், இந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு கதை முடிந்துவிடுகிறது.

இந்தக் காட்சி ஏன் இப்படி வேலை செய்கிறது என்பதை மண்ணெண்ணெய் புழங்கிய தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. அரிக்கேன் விளக்கு மஞ்சளாகத்தான் எரியும். சுடருக்குள் முழுசாக எரியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால் வரும் மஞ்சள் அது. கண்ணாடியில் படியும் கரியும் அதுதான். காற்று போதுமான அளவு கலந்து எண்ணெய் முழுசாக எரிந்தால்தான் சுடர் நீலமாகும். ரேஷன் கிருஷ்ணாயில் ஊற்றி எரித்த ஸ்டவ்களில் அதைப் பார்த்திருப்போம். ஆக, பஷீரின் விளக்கு இரண்டு விதமாகத் தப்பு செய்கிறது. எண்ணெய் இல்லாமல் எரிகிறது. அதுவும் எந்த அரிக்கேன் விளக்கும் எரியாத அளவுக்குச் சுத்தமாக எரிகிறது. அறிவியல் என்ற ஊசியால் குத்திப் பார்த்தேன், இந்த அதிசயக் குமிழி உடையவில்லை என்று கதையின் தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிடுகிறார். அலறல் கிடையாது, வெள்ளைப் புடவை கிடையாது, கழுத்தை நெரிக்கும் கை கிடையாது. பேய் என்று ஒன்று இருந்தால் அது செய்தது ஓர் உதவி. எழுதுகிறவனுக்கு வெளிச்சம் வேண்டும், கொடுத்திருக்கிறது. பயம் அந்த உதவியில்தான் இருக்கிறது.

சரி, இதை எப்படிப் படமாக்குவது? இருபது நிமிஷத்துக்குமேல் தாங்காது. 1964இல் 'பார்கவி நிலையம்' எடுத்தபோது இந்தக் கேள்வியைச் சந்தித்தவர் பஷீரேதான், திரைக்கதை அவருடையது. இயக்கியவர் ஏ. வின்சென்ட். இந்த இடத்தில் கதை சென்னைக்கு வருகிறது.

வின்சென்டை நமக்கு ஸ்ரீதர் படங்களின் ஒளிப்பதிவாளராகத் தெரியும். 'கல்யாண பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'காதலிக்க நேரமில்லை' எல்லாம் அவர் கேமரா. அதைவிட முக்கியம் 1963இல் வந்த 'நெஞ்சம் மறப்பதில்லை'. பாழடைந்த ஜமீன் வீடு, முன்ஜென்ம நினைவு, சாகாமல் கிடந்து பழிவாங்கக் காத்திருக்கும் கிழவனாக நம்பியார். ஒரு வீட்டின் இருட்டை எப்படிப் படம் பிடிப்பது என்பதை அவர் தமிழில் முழுசாகச் செய்து பார்த்த அடுத்த வருஷம்தான் 'பார்கவி நிலையம்' மூலம் இயக்குநராகிறார். அன்றைய மலையாள சினிமா பெரும்பாலும் மதராஸ் ஸ்டூடியோக்களை நம்பி நடந்த தொழில். கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் ஒரே ஆட்கள் காலையில் ஒரு மொழி, சாயங்காலம் ஒரு மொழி என்று வேலை பார்த்த காலம். மலையாளத்தின் முதல் பேய்ப்படம் என்று இதைச் சொல்வார்கள். அந்தப் பேயின் நடையிலும் ஒளியிலும் நம்மூர் வாசனை கொஞ்சம் இருக்கிறது என்றால் அது மிகையில்லை.

பார்கவியாக நடித்தவர் விஜயநிர்மலா. நான்கு வருஷம் கழித்து 'பணமா பாசமா'வில் எல்.ஆர். ஈஸ்வரி குரலில் எலந்தப்பழம் விற்றாரே, அவரேதான். பிற்பாடு 44 படங்களை இயக்கி, அதிகப் படங்கள் இயக்கிய பெண் என்று கின்னஸில் இடம் பிடித்தார். மலையாளத்தின் நிரந்தரப் பேயும் தமிழின் நிரந்தர எலந்தப்பழக்காரியும் ஒரே ஆள் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வேடிக்கையாக இருக்கும். குதிரவட்டம் பப்பு என்ற நகைச்சுவை நடிகருக்கு அந்தப் பெயரே இந்தப் படத்தின் கதாபாத்திரத்திலிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டரை மணி நேரத்தை நிரப்ப பஷீர் என்ன செய்தார்? சிறுகதையில் பார்கவியின் சாவு தற்கொலை. அதுவும் ஊர்ப்பேச்சு, அவ்வளவுதான். திரைக்கதையில் அது கொலையாகிறது. பார்கவிக்குப் பாடகனான சசிகுமார் என்ற காதலன் வருகிறான். பிரேம் நசீர் நடித்த வேடம். அவள் மேல் கண் வைத்திருக்கும் உறவுக்காரனாக நாணுக்குட்டன் வருகிறான், அது பி.ஜே. ஆன்டனி. நாணுக்குட்டன் சசிகுமாரை விஷம் வைத்துக் கொல்கிறான், பார்கவியைக் கிணற்றில் தள்ளுகிறான், தற்கொலை என்று ஊரை நம்பவைக்கிறான். வாடகைக்கு வந்த எழுத்தாளர், மது நடித்த வேடம், பழைய கடிதங்களைக் கண்டெடுத்துத் துப்புத் துலக்குகிறார். கண்டுபிடித்ததைக் கதையாக எழுதிப் பார்கவிக்கே வாசித்துக் காட்டுகிறார். கடைசியில் வில்லன் அதே கிணற்றில் போய்ச் சேர்கிறான்.

ஒரு தமிழ் ரசிகனுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இந்த அமைப்பில்தான் நம் பேய்ப்படங்கள் நூற்றுக்குத் தொண்ணூறு ஓடுகின்றன. இடைவேளைவரை கதவு ஆடும், அப்புறம் ஃப்ளாஷ்பேக், ஃப்ளாஷ்பேக்கில் ஓர் அநியாயம், கடைசியில் கணக்குத் தீர்ப்பு. பேய் என்பது புகார் கொடுக்க வந்து, ஸ்டேஷனில் யாரும் எழுதிக்கொள்ளாததால் காத்துக்கொண்டிருக்கும் மனுதாரர் மாதிரி. புகாரை எடுத்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்ததும் பயம் போய்விடும்; நாம் பேய் பக்கம் சேர்ந்துகொள்வோம். 'காஞ்சனா'வின் வெற்றியே நாம் அப்படிக் கட்சி மாறுவதில்தான் இருக்கிறது. 'சந்திரமுகி' வகையில் இதே வேலையை மனநல மருத்துவர் செய்வார். டாக்டர் விளக்குவார், இல்லையென்றால் ஃப்ளாஷ்பேக் விளக்கும். எப்படியும் வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு விளக்கம் இருக்கும்.

சிறுகதையில் அது கிடையாது. பார்கவிக்கு வேண்டியது நீதியா, துணையா, அல்லது ராத்திரியில் யாராவது பாட்டுப் போட்டால் போதுமா, தெரியாது. நீலச் சுடருக்கும் அவள் சாவுக்கும் சம்பந்தம் உண்டா என்பதுகூடத் தெரியாது. திரைக்கதை இந்த இடத்தில்தான் சிறுகதையைக் கைவிடுகிறது. கொலைகாரன் யார் என்று தெரிந்தபின் விளக்கை ஏற்றியது யார் என்று யாரும் கேட்பதில்லை. பார்கவிதான் ஏற்றினாள், அவளுக்கு இவரால் ஆகவேண்டிய காரியம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று முடிந்துவிடுகிறது. அதற்காக 1964 படத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு மொழியில் முதன்முதலாகப் பேயைத் திரையில் நடமாட விடுகிறவர்களுக்குக் கொலை, வில்லன், தண்டனை எல்லாம் தேவைப்பட்டிருக்கும். தவிரவும், மாற்றியவர் கதையை எழுதிய ஆளே.

ஆஷிக் அபு படம் எடுக்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை. சிறுகதையின் பெயரைத் திரும்ப வைத்தார். ஆனால் எடுத்தது பஷீரின் 1964 திரைக்கதையை, ஏறக்குறைய அப்படியே. தலைப்பு ஒன்றிலிருந்து, படம் இன்னொன்றிலிருந்து. முதலில் பிருத்விராஜ், குஞ்சாக்கோ போபன் என்று அறிவித்து, பிறகு அவர்கள் விலகி டொவினோவும் ரோஷன் மேத்யூவும் வந்தார்கள். நடிகர்கள் மாறினார்களே தவிர திரைக்கதை மாறவில்லை.

படத்தில் நல்லது இல்லையா? இருக்கிறது. எழுத்தாளர் தனியாக அந்த வீட்டில் நடமாடும் முதல் பகுதி பிரமாதம். டொவினோ காலி அறையைப் பார்த்துப் பேசும்போது கேலியும் இல்லை, மிரட்சியும் இல்லை. புதிதாகக் குடிவந்தவர் பக்கத்து வீட்டம்மாவிடம் காட்டும் மரியாதை அதில் இருக்கிறது. கேமரா கிரீஷ் கங்காதரன். 'ஜல்லிக்கட்டு', கமலின் 'விக்ரம்' எல்லாம் பார்த்தவர்களுக்கு அவர் ராத்திரியை எப்படி எடுப்பார் என்று தெரியும். ஆனால் அந்தத் திறமையே ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. நிலா வெளிச்சத்தில் தோட்டம் நீலம், மொட்டைமாடி நீலம். இரவே நீலமாக இருக்கும் படத்தில் விளக்கு நீலமாக எரிந்தால் அது அதிசயமாகத் தெரிவது கஷ்டம். கறுப்பு வெள்ளையில் எடுத்த வின்சென்டால் நீலத்தைக் காட்டவே முடியாது; அவர் இருட்டையும் வெளிச்சத்தையும் வைத்தே சமாளித்தார். நிறத்தைக் காட்டும் வசதி இருந்த படம் அதை முதலிலிருந்தே செலவழித்துவிட்டது.

பாட்டு விவகாரம் தனி. எம்.எஸ். பாபுராஜ் இசையில் பி. பாஸ்கரன் எழுதியவை. யேசுதாஸின் 'தாமசமெந்தே வருவான்', எஸ். ஜானகியின் 'அனுராக மதுசஷகம்' என்று ஒவ்வொன்றும் சொத்து. பாபுராஜ் 1978இல் சென்னையில்தான் காலமானார். புதிய படத்துக்காக பிஜிபாலும் ரெக்ஸ் விஜயனும் அந்தப் பாட்டுகளைத் திரும்ப உருவாக்கினார்கள். ஷஹபாஸ் அமன், சித்ரா போன்றவர்கள் பாடினார்கள். பாபுராஜின் குடும்பத்தார் எதிர்த்து வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, உரிமை பெற்றுத்தான் செய்தோம் என்றது படத் தரப்பு. சட்டம் எப்படியிருந்தாலும், கதைக்கு நேர்ந்தது வேறு. 1964இல் தியேட்டரில் உட்கார்ந்தவருக்குச் சசிகுமாரின் பாட்டு புதிது. செத்துப்போனவன் குரல் இது என்று முதல்முறையாகக் கேட்டார். 2023இல் வந்தவர் வீட்டிலிருந்தே பாட்டைக் கேட்டுக்கொண்டு வருகிறார். முதல் வரி தொடங்கியதும் யேசுதாஸோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறார். அதன்பின் பேய்வீட்டில் இருக்கிற நினைப்பு அவருக்கு எப்படி வரும்?

இதே பஷீரை வேறு மாதிரிப் படமாக்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் கையிலேயே இருக்கிறது. 1990இல் அடூர் கோபாலகிருஷ்ணன் 'மதிலுகள்' எடுத்தார். தமிழில் 'மதில்கள்' என்று நாம் படித்திருக்கும் அதே குறுநாவல். சிறையில் பஷீர், மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறையில் நாராயணி. கதையில் அவர் அவளைப் பார்ப்பதில்லை. அடூரும் நமக்குக் காட்டவில்லை. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும்தான். மதிலுக்கு மேலே எறியப்படும் ஒரு குச்சிதான் அவள் அங்கே இருக்கிறாள் என்பதற்கு அடையாளம். கண்ணுக்குத் தெரியாத பெண், பேசிக்கொண்டே இருக்கும் ஆண், நடுவில் தாண்ட முடியாத ஒன்று. 'நீலவெளிச்ச'த்தின் சட்டகமும் கிட்டத்தட்ட இதுதான். ரிமா கல்லிங்கலை வெள்ளைப் புடவையில் தோட்டத்தில் நடக்கவிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். நல்ல நடிகை, அதில் சந்தேகமில்லை. ஆனால் முகம் தெரிந்தபின் பார்கவியிடம் பேசுவது சுலபமாகிவிடுகிறது. அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பதுதான் கஷ்டம், அதில்தான் சுவாரசியமும்.

மெதுவாகப் போகும் பேய்ப்படத்துக்கு ஆள் வரமாட்டார்கள் என்ற சமாதானமும் ரொம்ப நாள் நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் மம்மூட்டியின் 'பிரம்மயுகம்' முழுக்கக் கறுப்பு வெள்ளையில், ஒரே வீட்டுக்குள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு வந்து நன்றாகவே ஓடியது. சென்னையிலும் பார்த்தார்கள்.

பார்க்க நினைப்பவர்கள் முதலில் சிறுகதையைப் படித்துவிடுங்கள், ஒரே மூச்சில் முடிந்துவிடும். பாட்டுக்காகவும் வின்சென்டின் இருட்டுக்காகவும் பழைய படம். டொவினோ காலி வீட்டோடு பேசும் பகுதிக்காகப் புதியது. கொலைகாரன் யார் என்று இங்கேயே சொல்லிவிட்டேனே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். நாணுக்குட்டனாக ஷைன் டாம் சாக்கோ திரையில் தலைகாட்டும் முதல் நிமிஷத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.